கண்ணிவெடி நாய் வீட்டுக்கு வந்தால்

கண்ணிவெடி தேடி ஓய்வுபெற்ற நாய். அதே வேலையில் மனம் நொந்து வீட்டோடு இருக்கும் மனிதர். ஒரே வளவில் விட்டால் தானாகப் பழகிவிடும் என்று நம்பினால் முதல் கிழமையே கடி விழும்.

முதலில் மிருக வைத்தியர். ‘கெட்ட குணம்’ என்று கைமாறும் மலினோவா இன வேலை நாய்க்கு உண்மையில் இடுப்பு நோவாக இருக்கலாம். எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம். பல் முரசு வெளிறி, சாப்பாடு வெறுத்து, உடற்சூடு 39.5 பாகை செல்சியஸைத் தாண்டினால் பழக்குவதை நிறுத்தி மருந்தைப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று நாளும் தொடவே வேண்டாம். பத்தடி தள்ளிக் கதிரையைப் பக்கவாட்டில் போட்டு, கண்ணைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் இருங்கள். உப்பில்லாமல் அவித்த கோழியைக் கடலையளவு துண்டாக்கி எறியுங்கள். நாளுக்கு ஆறு தடவை போதும். உறுமினால் அதட்டாதீர்கள்; உறுமலை அடக்கிய நாய் அடுத்தமுறை சொல்லாமல் கடிக்கும். வாய்க்கட்டு கூடை வடிவானதாக இருக்கட்டும். துணிக்கட்டோடு இந்த வெயிலில் அதனால் வாய் திறந்து இளைக்க முடியாது.

பெரிய சிக்கல், நாய் அமர்வதுதான். வெடிமருந்து மணம் பட்டால் தொடாமல் அமர வேண்டும் என்பதே அதன் படிப்பு. ஒழுங்கையில் களைத்து அமர்ந்தாலும் பிடித்திருப்பவரின் கால் உறைந்துவிடும், மூச்சு நின்றுவிடும். அந்த இறுக்கம் வார் வழியே இறங்க, ‘சரியாகத்தான் கண்டுபிடித்தேன்’ என்று நாய் இன்னும் அசையாமல் இருக்கும். ஆகவே வேலைக்குப் போட்ட மார்புப்பட்டியையும் நீள வாரையும் வீட்டில் எடுக்கவே கூடாது. கழுத்துப்பட்டியும் ஆறடி வாரும் போதும். ‘இரு’ என்று பழக்காமல் ‘படு’ என்று பழக்குங்கள். அமர்ந்தால் மூச்சை விட்டு, ‘போவம்’ என்று திரும்பி, வந்த வழியில் இரண்டடி தள்ளி ஒரு துண்டு போடுங்கள். தெருவுக்குப் போகுமுன் முற்றத்தில் நாளுக்கு இருபது முறை பழகவேண்டியவர் மனிதர்தான்.

ஆனால் போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைத்த முகமாலைப் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத காணியில் அமர்ந்தால் நாயை நம்புங்கள். வந்த தடத்திலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள்.

இரவில் நாயின் பாய் அறை வாசலுக்கு வெளியே. கனவில் அலறி எழுபவர் பக்கத்தில் கிடக்கும் நாயை இறுக்கிப் பிடித்தால் அது கடிக்கும். அதில் நாயின் பிழை இல்லை. எழுந்ததும் காலை நிலத்தில் ஊன்றி, வெளிச்சம் போட்டு, பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாய் தானாக வரட்டும். வீட்டாருக்கும் இதே விதி: அவரை உலுக்காமல் கால்மாட்டில் நின்று கூப்பிட வேண்டும். நாய் வந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டுபவர் தொடர்ந்து காட்டட்டும்.

தீபாவளி வெடிக்கு இரண்டு மாதம் முன்பே ஆயத்தம் தேவை. பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிகக் குறைவாக வைத்துச் சாப்பாடு கொடுங்கள். நாய் காதைப் பின்னுக்குச் சாய்த்தாலோ மனிதர் கையை இறுக்கினாலோ சத்தத்தைப் பாதியாக்குங்கள். அன்றிரவு உள்ளறை, விசிறி, வானொலி.

றப்பர்ப் பந்தை மூன்றாம் மாதம்வரை ஒளித்து வையுங்கள். வெடியைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த கூலி அது. கண்டால் நாய் மறுபடி வேலைக்குப் போய்விடும்.