கொச்சிக்கடையிலிருந்து செட்டியார் தெருவுக்கு: இருவர் சேர்ந்து போக ஓர் ஆலய நடை

கொழும்பின் பழைய நகர்ப் பகுதிக் கோவில்களைத் தரிசிக்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, புறக்கோட்டை நெரிசலுக்குள்ளால் செட்டியார் தெருவுக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடப்பார்கள். அப்படிப் போனால் கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேஸ்வரர் சிவன் கோவிலுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேர முடியும். அதற்குள் உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தும் நேரமாகிவிடும். அவசரமாக வலம் வந்துவிட்டுத் திரும்பக்கூடிய கோவில் அல்ல அது. ஆகவே தலைகீழாகத் தொடங்குங்கள். விடிந்ததும் கொச்சிக்கடை, பிறகு தெற்கு நோக்கி நடை, மதியத்துக்குள் புறக்கோட்டை.

ஓட்டோவில் ஏறும்போது வெறுமனே 'கொச்சிக்கடை' என்றால் சாரதி புனித அந்தோனியார் ஆலயத்தில் கொண்டுபோய் விடுவார். 'இராமநாதன் மாவத்தை சிவன் கோவில்' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான். இருந்தாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வரும் கூட்டத்தால் அந்த வீதியில் வாகனம் நகராது. அன்று போவதானால் இன்னும் முந்திப் புறப்பட வேண்டும்.

பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோவிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டினார். சுண்ணாம்புச் சாந்தும் வர்ணப் பூச்சும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உள்ளே முதலில் இருட்டாகத்தான் தெரியும். வாசலைத் தாண்டியதும் சற்று நில்லுங்கள். கண் பழகப் பழக, தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளியும். விளக்குப் புகை படிந்து கறுத்த இடமும், போகிறவர் வருகிறவர் கைபட்டு மினுங்கும் இடமும் வேறு வேறாகத் தெரியும். தூணைத் தொட்டுப் பாருங்கள், கொழும்பு வெக்கையிலும் கல் குளிர்ந்தே இருக்கும். விளக்குகளுக்குக் கிட்டே மட்டும் கால் கவனம். சிந்திய எண்ணெய் கருங்கல் தரையில் கண்ணுக்குத் தெரியாது, வழுக்கும்.

அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, பத்தி, கற்பூரம் இருந்தால் போதும். பிழைப்பது பெரும்பாலும் தேங்காயில்தான். வாங்குமுன் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். குடுமிக்குக் கீழே கண்கள் இருக்குமிடம் ஈரமாகவோ பூஞ்சணம் பிடித்தோ இருந்தால் ஓட்டில் வெடிப்பு விழுந்து உள்ளே அழுகத் தொடங்கியிருக்கலாம். வெயிலில் குவித்துவைத்த தேங்காய்க்கு இது சாதாரணம். குருக்கள் உடைத்த பிறகு அழுகலென்று கண்டு மனம் குழம்புவதைவிட, வாங்கும்போதே பார்த்துவிடலாம். அர்ச்சனைச் சீட்டை முதலில் எடுத்து, பெயரையும் நட்சத்திரத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். நட்சத்திரம் தெரியாதவர்கள் 'சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா' என்றால் போதும்.

பிள்ளையாரை வணங்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நந்திக்கும் மூலவருக்கும் குறுக்கே போகாதீர்கள். விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு வெளியே மட்டும். அதைத் தாண்டி உள்ளே எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏதோ ஒரு சந்நிதியை நோக்கிக் கால் நீளும் என்பதே காரணம். மூலவரையும் அம்பாளையும் தரிசித்து, பிரகாரம் சுற்றி வந்து, நவக்கிரகம் முடித்து, சண்டிகேசுவரரிடம் கடைசியாக வாருங்கள். அவர் தியானத்தில் இருப்பவர். உடுப்பிலிருந்து நூல் பிய்த்துப் போடுவதும் படாரென்று கை தட்டுவதும் வேண்டாம். மெல்லக் கையைத் தேய்த்து, எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டு வருவதே முறை.

இருவராகப் போவதில் ஒரு வசதி, பையையும் செருப்பையும் ஒருவர் பார்த்துக்கொள்ள மற்றவர் நிதானமாகக் கும்பிடலாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றும் வழக்கம் இருப்பதால் வேட்டியும் சால்வையும் வசதி. நீளக் காற்சட்டையென்றால் சட்டையை வைக்க ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள்.

வெளியே வந்ததும் அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் இங்கே வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். சைவர்களும் மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் இடம் இது. பையைச் சோதிப்பார்கள் என்பதால் பொருள் குறைவாக இருந்தால் நல்லது.

அங்கிருந்து ஜிந்துப்பிட்டிப் பக்கம் திரும்பினால் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில். நேரமிருந்தால் உள்ளே போங்கள். இல்லையென்றால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுச் செட்டியார் தெருவுக்கு நடக்கலாம். நகைக்கடைகள் திறந்து சனம் நிறையுமுன் அங்கே போய்விட வேண்டும். கடைப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் நிமிர்ந்து நிற்கின்றன. தெரு ஒடுக்கம் என்பதால் கோபுரத்தை அடியில் நின்று பார்க்க முடியாது. எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில்கள் இவை. காலரா பயத்தால் ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திய 19ஆம் நூற்றாண்டில், கதிர்காமத்துக்குப் போக முடியாதவர்களுக்குக் கொழும்பிலேயே ஆடிவேல் விழா வேரூன்றியது. வேலாயுதம் தேரேறி செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளி, அங்கே தங்கித் திரும்பும். இந்த நகரத்தில் நம்மவர்கள் கட்டிக்காத்த விழாக்களில் இதற்கு ஈடில்லை என்பது எங்கள் எண்ணம்.

பிரதான வீதிக்கு வந்ததும் பேச்சை நிறுத்தி வீதியைப் பாருங்கள். மூட்டை ஏற்றிய கைவண்டியோடு வரும் நாட்டாமை (சுமை தூக்கும் தொழிலாளி) 'பாரம், பாரம்' என்று கத்தினால் உடனே ஒதுங்குங்கள். அவ்வளவு சுமையைச் சட்டென்று நிறுத்த அவரால் முடியாது. ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளும் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருப்பதால் நடக்கச் சுகம். சாப்பாட்டுக் கடை கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு சைவக் கடையில் தோசையும் பிளேன்டீயும் முடித்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பிறகு கோவில்கள் பூட்டியிருக்கும். மாலையில்தான் நடை திறக்கும். அதுவரை ஓய்வெடுத்து, புறக்கோட்டையில் 100 அல்லது 101 இலக்க பஸ் ஏறி, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டியில் இறங்குங்கள். வேல் வந்து தங்கும் கதிரேசன் கோவில்கள் வீதியோரத்திலேயே இருக்கின்றன. ஆடிவேல் ஊர்வல நாளென்றால் மட்டும் பஸ்ஸை நம்பாதீர்கள். வீதியை மறித்து வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள். அன்று தண்ணீர்ப் போத்தல் ஒன்றோடு தேருக்குப் பின்னாலேயே நடப்பதுதான் சரி.