மாலை கழற்றிய பிறகு

சபரிமலைக்குப் போவதற்காகக் கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொள்ளும் இளைஞர்களை எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பட்டறையில் வேலை செய்பவர், கல்லூரியில் படிப்பவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் என எல்லோரும் கறுப்பு வேட்டிக்கு மாறி, விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, மது, புகை, அசைவம் அனைத்தையும் விட்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். போன மாதம்வரை வீட்டுக்குத் தலைவலியாக இருந்த பையனை, பெற்ற தாயே "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிறார். மதம் இளைஞர்களின் மனநலத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இந்த 41 நாள்களைத்தான் காட்டுவேன்.

ஐயப்பன் அருள் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரணங்களே போதுமானவை. வேளைக்குச் சாப்பாடும் தூக்கமும், ஒவ்வொரு வீடாக நடக்கும் பஜனையும், தோளோடு தோள் நின்று சரணம் சொல்லும் கூட்டமும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கன்னிச்சாமி ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் "என்ன சாமி, முகம் வாடியிருக்கு?" என்று கேட்கும் குருசாமி இருக்கிறார். அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு, மதிப்பெண்ணும் சம்பளமும் கேட்காத மூத்தவர் ஒருவர் நம் பையன்களுக்கு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் யிங் சென், டைலர் வாண்டர்வீல் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் செவிலியர்களின் பிள்ளைகள் சுமார் 5,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. சிறுவயதில் வாரம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குச் சென்றவர்கள், ஒருபோதும் செல்லாதவர்களைவிட, இருபதுகளில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதாகக் கூறும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம். போதைப்பொருள் பயன்படுத்தும் வாய்ப்பு 33 விழுக்காடு குறைவு. பெரும்பாலும் வசதியான வெள்ளையினக் குடும்பங்களில் கண்ட கணக்கு என்பதால் இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், வாரந்தோறும் என்பதே என் கண்ணில் படுகிறது: அங்கே ஆண்டு முழுவதும் நீடிக்கும் பழக்கம், இங்கே பலருக்கு 41 நாள் கொண்ட ஒரு மண்டலத்தோடு முடிந்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே நேராக டாஸ்மாக் போகிறவர்களும் இருக்கிறார்கள். (சபரிமலை வழக்கப்படி 10 முதல் 50 வயதுவரையான பெண்களுக்கு அந்த ஒரு மண்டலமும் இல்லை, மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திச் செல்லும் பெண்களின் கூட்டத்தை இதனோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.)

நம்பிக்கை எல்லா நேரமும் மருந்தாக இருப்பதுமில்லை. கடவுள் துணை நிற்கிறார் என்று துன்பத்தைத் தாங்குபவர்களையும், கடவுள் தண்டிக்கிறார் என்று மருகுபவர்களையும் அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் பிரித்துக் காட்டினார்; இரண்டாம் வகையினரிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. விரதத்தில் எங்கோ தவறியதால்தான் நீட் தேர்வில் தோற்றோம் என்று நம்பும் பையனிடம், பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்வது அந்தக் குற்றவுணர்வை உறுதிசெய்வதாகும். அதற்குப் பிறகும் அவன் தூங்காமல் கிடந்தால், வீட்டார் அடுத்த கோயிலைத்தான் தேடுகிறார்கள்.

ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த பிறகுதான் அந்தத் தேடலின் மறுபக்கம் வெளியே தெரிந்தது. இன்று அந்தத் தர்காவில், தொழுகையை விடச் சொல்லாமல் மருந்தும் கொடுக்கும் 'தவா-துவா' திட்டத்தை அரசு மனநல மருத்துவர்கள் நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்துக் குழு ஒன்று மாதந்தோறும் உத்திர நட்சத்திரத்தன்று பஜனைக்குக் கூடுகிறது; இரண்டு மாதம் வராத பையனின் வீட்டுக்கு குருசாமியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவரைப் போன்றவர்களின் கைப்பேசியில் அரசின் மனநல உதவி எண்ணான 14416 இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவர் சொன்னால், அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.