மாவு பொங்கிய ஃபிரிட்ஜும் இடது வளைவில் போகும் ஃபியூஸும்

மே மாதம், கோடை விழாக் கூட்டம் சேர்வதற்கு முன்பே ஏற்காடு போய்வந்துவிடலாம் என்று கிளம்பினோம். தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வேனை நிறுத்தி ராத்திரி அங்கேயே படுத்தோம். காலையில் என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் எப்போது நின்றதோ தெரியாது. திரையில் வோல்டேஜ் குறைவு என்ற எச்சரிக்கைக் குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

எங்களுடையது பழைய டூரிஸ்ட் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பிளைவுட் தரை, இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை என்று நானே இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தது. இன்ஜின், ஹெட்லைட், இண்டிகேட்டர் சம்பந்தமான ஒரிஜினல் வயரில் நான் கை வைக்கவில்லை. பின்னால் வீட்டு உபயோகத்துக்கு என்று தனியாக 100 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. அதிலிருந்து 12 வோல்ட் ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், ஆறு எல்இடி விளக்கு, ஒரு இன்வெர்ட்டர். இந்தப் பக்கத்து வயரிங் முழுக்க என் வேலை. கோளாறு வந்தாலும் என் வேலையில்தான் வந்திருக்க வேண்டும்.

முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம். வீடு திரும்பிய பிறகு மல்டிமீட்டர் வைத்தேன்: 12.6 வோல்ட். இதுபோன்ற லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. ஃபிரிட்ஜ் பிளக்கிலும் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 12.6. பிறகு ஏன் வோல்டேஜ் குறைவு என்கிறது? அங்கேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு ஞாயிறு இப்படியே போனது. ஃபியூஸ் ஹோல்டரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். சேலத்தில் வீட்டு வாசலில் நிற்கும்போது ஃபிரிட்ஜ் ஒருமுறைகூட நிற்கவில்லை. அங்கே எப்போதும் சார்ஜர் போட்டிருப்பேன், பேட்டரி 13.5-இல் இருக்கும். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அஸ்தம்பட்டி பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் வேனைப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. "தம்பி, சும்மா இருக்கறப்ப வோல்டேஜ் பாத்து என்னங்க பண்றது? எல்லாத்தையும் ஓட விட்டுட்டுப் பாருங்க. அப்புறம் பாசிட்டிவ் பக்கமே தேடிட்டு இருக்காதீங்க, எர்த்தயும் பாருங்க" என்றார்.

அன்று சாயங்காலமே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஃபிரிட்ஜை ஓடவிட்டேன், குழாயைத் திறந்தேன். ஃபிரிட்ஜுக்கு 4 ஆம்பியர், பம்புக்கு 6. இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து வரும் லைன் ஒன்றுதான். பேட்டரி முனையில் 12.4. ஃபிரிட்ஜ் பிளக்கில் 10.5! குழாயை மூடினால் 11.7-க்கு ஏறுகிறது, திறந்தால் விழுகிறது. என் ஃபிரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பை உயர்ந்த நிலையில் வைத்திருந்தேன். 11.1-க்குக் கீழே போனால் நிறுத்திவிடும், மறுபடி 12.4 வந்தால்தான் ஓடும். இப்போது எல்லாம் புரிந்தது. ராத்திரி யாரோ கை கழுவியிருக்கிறார்கள், அந்த அரை நிமிடத்தில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது. பேட்டரி அதற்குள் 12.3-க்கு இறங்கிவிட்டதால் திரும்ப எழவே இல்லை.

வழியில் 1.9 வோல்ட் எங்கே போகிறது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை ஃபிரிட்ஜ் பிளக்கின் பாசிட்டிவிலும் வைத்தேன். 0.25 வோல்ட். நாலு மீட்டர் நீளம், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 10 ஆம்பியர் என்றால் கணக்குப்படி 0.17 வரும். மீதி ஃபியூஸ், வயர் முனையில் அழுத்தியிருக்கும் லக் இவற்றில் போவது. சரிதான். அடுத்து நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு. மீட்டர் 1.63 என்றது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது.

நெகட்டிவுக்கு நான் தனி வயர் இழுக்கவில்லை. கார்களில் செய்வதுபோல கரண்ட் திரும்பிப் போக வண்டியின் தகர பாடியிலேயே ஒரு போல்ட் போட்டு எர்த் கொடுத்திருந்தேன். அந்த போல்ட் பம்புக்குப் பக்கத்தில், பிளைவுட்டுக்கு அடியில் இருந்தது. பலகையைத் தூக்கிவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது. 10 ஆம்பியரை 1.6 வோல்ட்டால் பெருக்கினால் 16 வாட், அவ்வளவு சூடும் ஒரு போல்ட்டில் இறங்குகிறது. கழற்றினால் லக்கின் அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தது, தகரத்தில் பெயிண்ட் பாதிதான் சுரண்டப்பட்டிருந்தது, சுரண்டிய பாதியும் துருவாகி உதிர்ந்தது. பம்பின் மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிய தண்ணீர் பலகைக்கு அடியில் ஓடி நேராக அந்த போல்ட்டில் போய் நின்றிருக்கிறது. பம்ப் தன் எர்த்தைத் தானே தின்றிருக்கிறது.

சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினாலே வேலை நடந்திருக்கும். ஆனால் மலையில் மாதக்கணக்கில் மூடுபனி, ஈரம். ஃபிரிட்ஜுக்கும் பம்புக்கும் இனி பாடி எர்த் வேண்டாம் என்று முடிவு செய்தேன். செவ்வாய்ப்பேட்டையில் 10 ஸ்கொயர் எம்எம் வயர் வாங்கி, பேட்டரி நெகட்டிவிலிருந்து, பல வயர்களை ஒன்றாக மாட்டும் ஒரு பஸ்பார் வரை தனியாக இழுத்தேன். பம்ப் மூட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றினேன். இப்போது அதே 10 ஆம்பியரில் நெகட்டிவ் பக்கம் 0.09. ஃபிரிட்ஜில் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை.

இன்னொரு கோளாறு இதைவிடக் கஷ்டப்படுத்தியது. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடி மலை ஏறினோம். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறியபோது ஓரமாக நிறுத்திப் பார்த்தால் உள்விளக்கு எதுவும் எரியவில்லை, 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டேன், விளக்கு எரிந்தது. இன்னும் நாலு வளைவு தாண்டியதும் அதுவும் போனது. மேலே நின்றிருந்த ஒருவர் ஃபியூஸுக்குப் பதில் ஒரு இழை வயரைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதைச் செய்திருந்தால், மரமும் மெத்தையுமாக இருக்கும் வண்டிக்குள் அடுத்ததாக உருகுவது சுவருக்குள் இருக்கும் வயராக இருந்திருக்கும். குழந்தை அந்த மெத்தையில்தான் தூங்கிக்கொண்டு வந்தாள். ராத்திரி டார்ச் வெளிச்சத்திலேயே சமாளித்தோம்.

சேலம் திரும்பி ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஃபியூஸ் போகவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. யோசித்தபோது இரண்டு விஷயம் தட்டுப்பட்டது. ஃபியூஸ் போன இரண்டு தடவையும் பகல், விளக்கு ஸ்விட்ச் எல்லாம் அணைத்திருந்தது. அப்படியானால் விளக்குகளிலோ ஸ்விட்சுக்குப் பிந்தைய வயரிலோ குறை இல்லை. ஃபியூஸுக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் நடுவில் இருக்கிற மூன்று மீட்டரில்தான் எங்கேயோ பாடியில் படுகிறது. இரண்டாவது, நேர் ரோட்டில் எவ்வளவு குலுங்கினாலும் வராதது வளைவில் வருகிறது.

ஒவ்வொரு தடவையும் ஃபியூஸை எரிக்காமல் தேடுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிவிட வேண்டும். எங்கே ஷார்ட் ஆனாலும் பல்பைத் தாண்டி 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஷார்ட் ஆகும் நொடியில் பல்ப் பளிச்சென்று எரியும். மச்சான் வண்டியை ஓட்ட, நான் பின்னால் பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதல் சில வளைவுகளில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு இடது வளைவில் பல்ப் மின்னி அணைந்தது. "இப்பத்தான் மாப்ள, மெதுவா போ!" என்று கத்தினேன். அடுத்தது வலது வளைவு, எரியவில்லை. அதற்கடுத்த இடது வளைவில் இரண்டு விநாடி நின்று எரிந்தது.

இடது பக்கம் திரும்பினால் வண்டிக்குள் இருக்கிற எடை எல்லாம் வலது பக்கம் சாயும். வலது சுவரில் அலமாரி, அதை ஒட்டி 20 லிட்டர் தண்ணீர் கேன். கேனைக் கையால் அலமாரிப் பலகை மேல் அழுத்தினேன், பல்ப் எரிந்தது. விட்டேன், அணைந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

பலகையைக் கழற்றிப் பார்த்தோம். வயர் ஒரு தகரத் தூணின் ஓட்டை வழியாக வருகிறது. அந்த ஓட்டையில் நான் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் போடாமல் விட்டிருந்தேன். தகரத்தின் கூரான விளிம்பு இன்சுலேஷனை ஒரு நகக்கண் அளவுக்கு அறுத்து, உள்ளே செம்பு இழை மினுங்கியது. அதற்கு நேர் எதிரே தூணில் ஒரு கறுப்புப் புள்ளி, தீப்பொறி பட்ட இடம். பக்கத்திலேயே பிளைவுட். அறுந்த இடத்துக்கு டேப் ஒட்டுவதோடு நிறுத்தவில்லை, அந்த மூன்று மீட்டரையும் புது வயராக மாற்றி, நெளி குழாய்க்குள் விட்டு, வண்டியில் இருக்கும் எல்லா ஓட்டைக்கும் குரோமெட் போட்டேன். எண்ணிப் பார்த்ததில் பதினோரு ஓட்டை. இன்னும் இரண்டில் இன்சுலேஷன் வெளுத்துத் தேயத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கேன் இப்போது தரையில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது.

பேட்டரி சும்மா நின்றாலே இறங்குவதும் கையோடு சரியானது. எல்லாம் அணைத்த நிலையில் மீட்டரைத் தொடராக வைத்தால் 0.6 ஆம்பியர், ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-அவருக்கு மேல். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது இன்வெர்ட்டரில் நின்றது. எதுவும் மாட்டாவிட்டாலும் ஆன் நிலையில் அது இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்விட்சை அணைத்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆவணியில் மறுபடி போய் ஒரு ராத்திரி தங்கினோம். 20 வளைவும் ஏறி, 20 வளைவும் இறங்கி, ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. குழாயைத் திறக்கும்போது ஃபிரிட்ஜ் சத்தம் நிற்கிறதா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து கேட்டேன், நிற்கவில்லை.

மிச்சம் இருப்பது வண்டி ஓடும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து பின் பேட்டரிக்கு ஏறும் சார்ஜ். இன்ஜின் பேட்டரியில் 14.2 வருகிறது, பின்னால் 13.3 தான். 25 ஆம்பியர் ஓடும்போது வழியில் போகும் வோல்ட், பாசிட்டிவ் வயரில் 0.6, இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ரிலேயில் 0.1, பாடியில் 0.2 என்று பிரித்து அளந்துவிட்டேன். இப்போது இருப்பது 6 ஸ்கொயர் எம்எம், ஏழு மீட்டருக்கு அது போதாது. 16 ஸ்கொயர் எம்எம் வயர் வாங்கி வந்து சுருட்டி கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு பக்கமும் தனித்தனி 60 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும், அதையும் வாங்கியாயிற்று. அவ்வளவு பெரிய லக்கை அழுத்தும் ஹைட்ராலிக் கருவி அஸ்தம்பட்டி அண்ணனிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.