ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு ஸ்கோப் பூட்டுதல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் தோட்டக் காவலுக்கு அனுமதியோடு எயார் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டிய பிறகு சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல்நாள் சரியாப் பட்டது, அடுத்த கிழமை எங்கேயோ போகுது." ஸ்கோப்பைக் குறை சொல்ல முன்னர் துப்பாக்கி எப்படி உதைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெடிமருந்துத் துப்பாக்கி பின்னுக்குத்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தித்தான் குண்டு பாய்கிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னுக்கு வெட்டி இழுக்கும். இந்த இரண்டாவது உதைதான் ஸ்கோப்புக்கு எமன். உள்ளே குறுக்குக்கோடு கழல்வதும், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்ட் மெல்ல மெல்லப் பின்னுக்கு அரக்குவதும் இதனால்தான். ஆகவே எவ்வளவு விலை கூடியதென்றாலும், எயார் ரைபிளுக்கு என்று குறிப்பிடாத ஸ்கோப்பை வாங்க வேண்டாம். 100 யார் தூரத்துக்குக் குவியம் நிலைப்படுத்திய ஸ்கோப்பில் 15 மீற்றர் தூரத்துக் காட்சி மங்கும்; கண் சற்று விலகினாலும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். 10 யாரிலிருந்து குவியம் திருத்தக்கூடியது நல்லது.

பூட்ட முன்னர் துப்பாக்கிக் குழாயில் குண்டு இல்லை என்று உறுதிசெய்து, மரப்பிடியின் ஸ்குறூக்களை இறுக்குங்கள். அவை தளர்ந்திருந்தால் மேலே செய்யும் வேலை எல்லாம் வீண். அநேகமான எயார் ரைபிள்களின் மேலே மவுண்ட் பிடிக்கும் தண்டவாளம் 11 மில்லிமீற்றர் அகலம். 20 மில்லிமீற்றர் மவுண்ட் அதில் பிடிக்காது. தண்டவாளத்திலும் அதைக் கவ்வும் மவுண்டின் தாடையிலும் உள்ள எண்ணெயைத் தின்னரால் துடையுங்கள். மவுண்டில் அது நகராமல் தடுக்கும் நிறுத்தூசி இருந்தால், அது தண்டவாளத்தின் பின்பக்கத் துளைக்குள் இறங்க வேண்டும். ஒற்றைத்துண்டு மவுண்டே என் தெரிவு. இரண்டு தனி வளையங்களைவிட அது பிடித்து நிற்கும்.

கன்னத்தை வழமைபோல வைத்து, முழுக் காட்சியும் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கண்ணுக்கும் வில்லைக்கும் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரும். துப்பாக்கியை மட்டமாக நிறுத்தி, தூரத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டு நூலோடு நிலைக்கோட்டை ஒட்டவையுங்கள். வளைய ஸ்குறூக்களை மூலைக்கு மூலை மாறி மாறி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க இறுக்குங்கள். அலன் கீயின் நீண்ட பக்கத்தைத் துளைக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் திருப்பினால் போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

குழாயை மடித்துக் குண்டு போடும் ரைபிள்களில் துப்பாக்கிக் குழாய் கொஞ்சம் கீழ்நோக்கியிருப்பது வழமை. குறியை மேலே ஏற்றும் ஸ்கோப்பின் மேல் குமிழை எல்லைவரை திருப்பியும் குண்டு கீழேதான் படுகிறதென்றால் காரணம் அதுதான். அந்த எல்லையில் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, குறி அலையும். பின்வளையத்தில் ஸ்கோப் குழாய்க்கு அடியில் பழைய பிலிம் துண்டு ஒன்று வையுங்கள். வளையங்களுக்கிடையே 100 மில்லிமீற்றர் இருந்தால், 0.1 மில்லிமீற்றர் தடிப்பு 25 மீற்றரில் 2.5 சென்ரிமீற்றர் உயர்த்தும். இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், ஸ்கோப் குழாய் வளையும். அப்படியும் போதாவிட்டால், பின்பக்கம் உயர்ந்த சரிவு மவுண்ட் வாங்குங்கள்.

குறி பார்க்க விடியற்காலையே நல்லது. கச்சான் காற்று எழும்பிவிட்டால் ஈயக்குண்டு பக்கவாட்டில் தள்ளப்படும். காற்றையும் ஸ்கோப்பையும் பிரித்தறிய முடியாது. பின்னால் மண்மேடு இருக்கட்டும். துப்பாக்கியை மூட்டையில் அழுத்தி வைக்காமல் விரித்த உள்ளங்கையில் தளர்வாக வைத்துச் சுடுங்கள். கால் நிமிடக் குமிழின் (நிமிடம் என்பது இங்கே கோண அளவு, பாகையில் அறுபதில் ஒன்று) ஒரு கிளிக் 20 மீற்றரில் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர், 3 சென்ரிமீற்றர் விலகினால் 20 கிளிக். ஒரு குண்டைப் பார்த்துத் திருப்பாமல், ஐந்து குண்டுகளின் நடுவை எடுங்கள். குண்டில்லாமல் சுட்டுப் பார்க்கவே கூடாது. மெத்தையாக நிற்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் நேரே இடித்து, காற்றை அடைக்கும் சீல், ஸ்கோப் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

மாரியில் ஸ்கோப்போடு துப்பாக்கியை உறைக்குள் மூடி வைக்காதீர்கள். வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், வாவிக் காற்றில் ஸ்குறூத் தலைகள் துருவேறி அலன் கீ வழுக்கும். தலைகளில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள், தாடைக்குள் போகாமல்.