பதினோரு மணி டீ

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் பதினோரு மணி வாக்கில் டீ வந்துவிடும். ஒருவருடைய வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று இப்போது நம்புகிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

மற்றவர்கள் வேலை பார்க்கிற இடத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை தேடிக் கொடுப்பது, அதில் அவர்கள் கால் ஊன்றும்வரை கூட இருப்பது, இதுதான் என் வேலை. அதற்கு முன்பு நான்கு வருடம் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் இருந்தேன். மெழுகுவத்தி, காகிதக் கவர், பினாயில் என்று நாள் போகும். அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் அண்ணன் அங்கே எட்டு வருடமாகக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘பயிற்சியில்’ என்று எழுதியிருக்கும். எட்டு வருடம் எந்த வேலைக்குப் பயிற்சி என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தயாரான பிறகு வெளியே அனுப்பலாம் என்று இருந்தோம். அந்த அறைக்குள் இருக்கிறவரை யாரும் தயாராகப் போவதில்லை என்பது புரியவே இரண்டு வருடம் ஆனது.

1980களில் அமெரிக்காவில் இந்த முறையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் வேலையில் சேர்த்துவிடு, அப்புறம் அந்த இடத்திலேயே நின்று கற்றுக்கொடு என்றார்கள். 1986-இல் அங்கே மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்திலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் சைக்கிள் கடைதான் நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தொழில் கற்றுக்கொண்ட பையன்கள் எத்தனை பேர்! இவர்களை மட்டும் ஏன் தனி அறையில் உட்கார வைத்தோம்?

நான் முதலில் சேர்த்துவிட்டது 22 வயதுத் தம்பி ஒருவனை. பேக்கிங் செக்‌ஷன். துணியை அவன் மடிக்கிற அழகைப் பார்த்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. காலர் நேராக, கை இரண்டும் சமமாக இருக்கும். ஆனால் பெட்டிக்கு 12 பீஸ் வைக்க வேண்டும், அவனுக்கு ஐந்துக்கு மேல் எண்ணிக்கை தடுமாறும். ஒரு பெட்டியில் 11, அடுத்ததில் 14. இரண்டாம் நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நல்ல பையந்தானுங்க டீச்சர். கணக்கு தப்புனா பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிருவாங்க. நான் என்னங்க பண்றது?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அன்று ராத்திரி ஒரு பெட்டியின் மூடியை வெட்டி எடுத்து, மார்க்கரால் 12 கட்டம் போட்டேன். காலையில் காஜா பட்டன் பகுதியில் 12 பட்டன் கேட்டு வாங்கி ஒரு டீ கப்பில் போட்டு வைத்தேன். ஒரு பீஸைப் பெட்டியில் வைத்தால் ஒரு பட்டன் கட்டத்துக்குப் போகும். கட்டம் எல்லாம் நிறைந்தால் பெட்டியை மூடலாம். முதல் மணி நேரம் பீஸை வைத்துவிட்டுப் பட்டனை மறந்தான், இல்லையென்றால் பட்டனை வைத்துவிட்டுப் பீஸை மறந்தான். பட்டன் கப்பை வலது கைப் பக்கம் மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் 20 பெட்டி முடித்தான். ஒன்றிலும் கணக்குத் தப்பவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தினமும் டீ வரும்போது நான்தான் அவனுக்கு வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துக் கொடுப்பேன். மற்றவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு அங்கே ஒருவர்கூட இல்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. மறுநாள் போகவே பதினோரு மணி ஆகிவிட்டது. கேட்டிலிருந்து பார்க்கிறேன், அவன் மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். செக்கிங் அக்கா ஒருவர், “டீ ஆறுது பாரு கண்ணு, குடி” என்கிறார். அவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவனோடு ஏன் பேசவில்லை என்று பிறகு அந்த அக்காவிடம் கேட்டேன். “நீங்க கூடவே இருந்தீங்க. நடுவுல நாங்க எதுக்குன்னு இருந்துட்டோமுங்க” என்றார்.

அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கெல்லாம் வேறு நினைப்பே ஓடவில்லை. அதிலிருந்து டீ நேரத்தில் நான் உள்ளே இருப்பதில்லை. சேர்த்துவிட்ட இரண்டாவது வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்துவிடுவேன். ஒன்றரை ஷிப்ட் என்று திடீரென முடிவானால் இப்போது அவன் அம்மாவுக்குப் போன் போடுவது அந்த அக்காதான். ரோடு தோண்டிப் போட்டு பஸ் வேறு வழியில் போன அன்று, அவன் பழைய ஸ்டாப்பிலேயே இருட்டும்வரை நின்றிருக்கிறான். கண்டுபிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அக்காவின் வீட்டுக்காரர்தான். எனக்கு மறுநாள்தான் தெரியும்.

முதலாளிகளிடம் பேசுவது தனிக் கதை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது, அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்குகிறது. தனியாருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் நாம்தான் போய் நின்று பேச வேண்டும். நான் அதிகம் பயப்படுவது கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்து அல்ல. “பாவம், வரட்டுமுங்க. கைச்செலவுக்கு ஏதாவது குடுத்தர்லாம்” என்கிறவர்களைப் பார்த்துத்தான். பாவம் பார்த்துக் கொடுத்த வேலை ஆர்டர் குறைந்த முதல் மாதமே போய்விடும், இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன ஷிப்ட் சம்பளமோ அதுவேதான் என்று முதல் நாளே பேசிவிடுவேன். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐயும் போட்டாக வேண்டும். மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்று இருக்கிற இஎஸ்ஐ சம்பள வரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்பது பல அலுவலகங்களில் தெரிவதில்லை.

வீட்டிலும் பயம் இருக்கும். மாதம் வருகிற 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிடுமோ என்று ஓர் அம்மா மூன்று முறை கேட்டார். “வேலை போச்சுன்னா அதை மறுபடி வாங்க நான் எத்தனை நடை நடக்கணும்?” அந்தப் பயத்தை அவநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். அவர் நடந்த நடை அவருக்குத்தான் தெரியும்.

ஒரு வேலை என் கவனக்குறைவால் போனது. காது கேளாத ஒரு பெண், செக்கிங்கில் வேலை. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆறு மாதம் நன்றாகப் போனது. எங்கள் படிவத்தில் ‘வேலையில் உள்ளார்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டேன். அப்புறம் அந்தக் கம்பெனியில் ஷிப்ட் நேரத்தை எட்டு மணிக்கு மாற்றினார்கள். மைக்கில்தான் அறிவித்திருக்கிறார்கள். அவள் வழக்கம்போல எட்டரைக்கு மூன்று நாள் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று அவளுக்குப் புரியவைக்கக்கூட யாரும் ஒரு தாளில் எழுதிக் காட்டவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டி, ‘நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன்’ என்று சைகையில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போய்ப் பேசுவதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டது.

இப்போது எங்கே சேர்த்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை. நேரம் மாறினால் இவருக்கு யார் சொல்வீர்கள்? “சொல்லிருவோமுங்க” என்றால் விடுவதில்லை. ஓர் ஆளின் பெயர் வேண்டும். அந்த ஆள் லீவு போட்டால் இன்னொரு பெயர். இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

பேக்கிங் தம்பிக்கு வருகிற தீபாவளியோடு நான்கு வருடம் ஆகிறது. அந்த அட்டை கிழிந்து, செக்கிங் அக்கா வேறு அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். போன வாரம் அவரே போன் செய்தார். பழைய சூப்பர்வைசர் விலகிவிட்டாராம். புதிதாக வந்தவர் மேஜையில் பட்டன் எதற்கு என்று எடுத்து வைத்துவிட்டாராம். அன்றைக்கு இரண்டு பெட்டியில் கணக்குத் தப்பியிருக்கிறது. “நான் சொல்லிப் பார்த்தேனுங்க. நீங்களும் ஒருக்கா வந்து சொன்னாத் தேவலை” என்றார். திங்கட்கிழமை எட்டரைக்கு முன்பே போய்விட வேண்டும், மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் அவரோடு பேச முடியாது.