உப்புக்காற்றில் ஒரு தோல் கவர்

நாகர்கோவிலில் முதலில் வாங்கிய போன் கவர் ஒரே மழைக்காலத்தில் உரிந்து, சட்டைப்பை முழுக்கக் கறுப்புத் துகள். அது தோலே இல்லை, துணியில் பிளாஸ்டிக் பூசிய ரெக்சின். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழையும் உண்டு, அக்டோபரில் வரும் மழையும் உண்டு, ஈரம் விடாது, அந்தப் பூச்சு எங்கே தாங்கும்?

இப்போது வைத்திருப்பது நிஜத் தோல். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நார்நாராகத் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விளிம்பு ஸ்கிரீனைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் குப்புற விழுந்தாலும் கண்ணாடி தப்பும். மூடியில் காந்தம் இருந்தால் போனின் திசைகாட்டி தடுமாறலாம், மேப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்கணும்.

போன ஆடியில் முட்டம் கடற்கரைச் சாரலில் நனைந்த கவரைக் கழற்றி அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன், நாலைந்து நாளில் தையலோரம் வெள்ளைப் பூசணம். மனசே கேட்கவில்லை. முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு பிழிந்த ஈரத்துணியால் உப்பை எடுத்து, நிழலில் காற்றாட விட்டேன். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். அம்மா சொன்னார் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன், நிறம் கறுத்துவிட்டது. அப்புறம் தோலுக்கென்றே விற்கும் கிரீம்தான், மாதம் ஒருமுறை, விரல் நுனியளவு.