ஓசூரில் ஒரு ராஸ்பெர்ரிக் குச்சி

ஜனவரி 7, 2024

பெங்களூரிலிருந்து வந்த தங்கை சின்ன டப்பா ஒன்றில் ராஸ்பெர்ரி வாங்கி வந்தாள். எண்ணினால் 22 பழம். விலையைக் கேட்ட அம்மா, "சீசனில் இந்தக் காசுக்கு ஒரு கூடை மாம்பழம் வருமே" என்றாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நம் முசுக்கொட்டைப் பழம்தான், கொஞ்சம் புளிப்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். பாலக்கோடு பக்கம் அவள் பிறந்த வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். சின்ன வயதில் தின்ற பழம் அது.

முசுக்கொட்டை காம்போடு வரும். இதற்கு உள்ளே வெறும் பொந்து. பறிக்கும்போது வெள்ளை நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிட, பழம் மட்டும் குல்லாய் போலக் கழன்று வருகிறது. தங்கை மகள் ஐந்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றாள். பழைய மாட்டுக் கொட்டகை இருந்த இடம் சும்மாதான் கிடக்கிறது. வைத்துப் பார்க்கலாம்.

ஜனவரி 20

எந்த வகை என்பதில் ஒரு வாரம் போய்விட்டது. கனடாவில் 1989இல் வந்த 'துலாமீன்' சுவைக்குப் பேர்போனது. ஆனால் முதல் ஆண்டு வளரும் குச்சி அடுத்த ஆண்டுதான் காய்க்கும், காய்த்ததும் காய்ந்துவிடும். எது பழையது, எது புதியது என்று பார்த்துப் பார்த்துக் கவாத்து செய்ய வேண்டும். 'ஹெரிடேஜ்' அப்படியில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையம் 1969இல் வெளியிட்ட வகை. முளைத்த ஆண்டிலேயே குச்சி நுனியில் காய்க்கும். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிட்டால் போதும். என்னைப் போன்ற சோம்பேறிக்கென்றே பிறந்தது என்று முடிவு கட்டினேன்.

ஜனவரி 28

முடிவு கவிழ்ந்தது. பெரும்பாலான சிவப்பு ராஸ்பெர்ரிகளுக்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் தூக்கம் வேண்டும்; பலவற்றுக்கு 800 மணியும் போதாது. அது கிடைக்காவிட்டால் இலை தள்ளும், பூக்காது. இன்று விடியற்காலை ஐந்தரைக்குப் போர்வையோடு போய் வெப்பமானியைப் பார்த்தேன்: 13. ஓசூர்க் குளிர் என்று நாம் பெருமை பேசுவது ஸ்வெட்டர் வியாபாரத்துக்குத்தான் உதவும்.

பிப்ரவரி 11

இந்தப் பக்கத்துக்கு ஏற்றது மைசூர் ராஸ்பெர்ரி. இமயமலை அடிவாரத்திலும் நம் மேற்கு மலைகளிலும் தானாக வளர்வது. கடுங்குளிர் கேட்காது என்பதால் அமெரிக்காவின் புளோரிடாவில்கூட வீட்டுத் தோட்டங்களில் வைக்கிறார்கள். பழம் சிவந்து பிறகு கறுக்கும். ஊட்டியில் இருக்கும் பெரியப்பா மகனிடம் சொல்லிவைத்தேன்.

ஆசை விடவில்லை. ஒரு நர்சரியில் 'சிவப்பு ராஸ்பெர்ரி' என்று சீட்டு மாட்டிய கன்று ஒன்றையும் வாங்கிவிட்டேன். வகைப் பெயர் கேட்டதற்கு, "இம்போர்ட் சார்" என்றார்கள். அங்கே நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதையும் விற்பனைக்கு இருந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

ஜூன் 16

ஊட்டியிலிருந்து அண்ணன் ஒரு கன்றோடு வந்தான். நுனியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்த பதியன். குச்சி கத்தரிப்பூ நிறம், மேலே விபூதி பூசியது போல வெள்ளைப் பொடி. தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. முள் கொக்கி போல உள்நோக்கி வளைந்திருப்பதால் கையை இழுக்க இழுக்கப் பிடித்துக்கொள்கிறது. கலாபகஸ் தீவுகளில் இது காட்டையே மூடும் களையாகிவிட்டதாம். அதனால் இந்தச் செடிக்கு நிலத்தில் இடமில்லை. அடியில் ஓட்டை போட்ட பழைய டிரம்தான். செம்மண், தொழுவுரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு.

இதன் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்கிறது. நர்சரிக் கன்றின் இலைக்கு அடியிலும் பச்சைதான். குச்சியும் உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கிறது. வகை வேறு, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 27

மழை நல்ல மழை. மைசூர்க்காரி டிரம்மைத் தாண்டித் தரையைத் தொட்டுவிட்டாள். தொட்ட இடத்தில் வேர். வெட்டினேன், சட்டையும் கிழிந்தது.

ஏப்ரல் 13, 2025

மைசூர் செடியில் முதல் பழங்கள். பத்து மாதத்துப் பலன் பதினான்கு. அதில் ஐந்து கொண்டைக்குருவிக்கு. தொட்டவுடன் கழன்று வருவது கறுத்தது, இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள். இனிப்புதான், ஆனால் டப்பாவில் வந்ததன் மணம் இல்லை. விதையும் பல்லில் சிக்குகிறது.

மே 4

நர்சரிக் கன்றிலும் மூன்று பழம்! ஒரு வாரமாகச் சிவப்பாகவே நின்றன. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகளைக் கூப்பிட்டுப் பறிக்கச் சொன்னேன். கல் போலப் பிடித்துக்கொண்டது. இன்று கறுத்துவிட்டது, பறித்ததும் விரலை நீட்டி மாட்டப் பார்த்தாள், நுழையவில்லை. "மாமா, இதில் ஓட்டையே இல்லை!"

கத்தியால் பிளந்து பார்த்தேன். நடுவே வெள்ளைத் தண்டு, பழத்தோடு பழமாக. நடுத்தண்டு செடியில் தங்கினால் ராஸ்பெர்ரி, பழத்தோடு வந்தால் பிளாக்பெர்ரி. ஒன்றேகால் வருடம் தண்ணீர் ஊற்றியது பிளாக்பெர்ரிக்கு.

நர்சரிக்குப் போன் செய்தேன். "ரெண்டுமே பெர்ரிதானே சார்" என்று பதில் வந்தது. கோபத்தில் வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், பிளாக்பெர்ரியில் பல வகைகளுக்குக் குளிர் அவ்வளவு தேவையில்லை. சீட்டில் எழுதியிருந்தபடி சிவப்பு ராஸ்பெர்ரியே கொடுத்திருந்தால் இந்த மூன்றும் வந்திருக்காது.

பாதியை அம்மாவிடம் கொடுத்தேன். தின்றுவிட்டு, "இதுதான் முசுக்கொட்டைக்குக் கிட்டே வருகிறது" என்றாள்.